புள்ளிக்கோட்டு வீடு

"காணி எத்தனை பேர்ச்?" என்று தொலைபேசியில் ஓர் ஆண் குரல் கேட்டது.

காலை நேரம். நனைத்த கடுதாசியைப் பலகையில் இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கை முழுக்கப் பசை. தவறான எண் என்றேன். இல்லை என்றார். என் இணையப் பக்கத்தின் பெயரைச் சொன்னார். அதில் மேலிருந்து இரண்டாவதாக இருந்த வீட்டைச் சொன்னார். வாவிக்கும் கடலுக்கும் நடுவில், கிணற்றோடு, முன்பக்கம் இத்தனை அடி, உள்ளோட்டம் இத்தனை அடி என்று நான் எழுதி வைத்ததையே எனக்கு வாசித்துக் காட்டினார். அது காணி விளம்பரம் அல்ல, சுனாமியில் போன ஒரு வீட்டின் ஓவியம் என்று விளங்கப்படுத்தினேன்.

"வீட்டக் கடல் கொண்டுபோனது சரி தங்கச்சி. காணியக் கொண்டுபோகல்லதானே? காணி உறுதிப் பத்திரம் ஆர்ட பேர்ல இரிக்கி?"

தொடர்பைத் துண்டித்தேன். பசை காய்ந்து கடுதாசியின் ஒரு மூலை எழும்பிவிட்டது. அதைத் திரும்ப நனைத்துக்கொண்டிருக்கும்போதே வேறோர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அதே கேள்வி.

போர் முடிந்து வந்த முதல் மாரி அப்போதுதான் கழிந்திருந்தது. பாலத்தடியில் சோதனைச் சாவடி இன்னும் இருந்தது, ஆனால் எல்லோரையும் இறக்குவதில்லை. தூர இடங்களிலிருந்து வாகனங்கள் வரத் தொடங்கியிருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனம் என்றால் எங்களுக்கு முன்பு வேறு பயம், ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் பயம், இருந்தது. இப்போது அவை கடற்கரை வீதியில் ஆறுதலாக, அவசரமில்லாமல் போய் நிற்கும். இறங்குகிறவர்கள் கடலைப் பார்க்க மாட்டார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளவுகளைப் பார்ப்பார்கள்.

நான் படவரைஞர். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு சுனாமி வந்தது. அதற்குப் பிறகு கட்டட வேலை தெரிந்த எல்லோருக்கும் வேலை இருந்தது. வீடமைப்புத் திட்டமொன்றின் அலுவலகத்தில் என்னை எடுத்தார்கள். அங்கே இருந்தது ஒரேயொரு வீடு. இரண்டு அறை, கூடமாக ஒரு சாலை, விறாந்தை, குசினி. அந்த ஒரு வீட்டைத்தான் ஊர் ஊராக வைத்தோம். காணிக்குக் காணி நான் மாற்றியது வடக்குக் குறியையும் உரியவர் பெயரையும் மட்டும். வீடு கிடைக்க இருந்தவர்கள் படத்தைப் பார்க்க அலுவலகம் வருவார்கள். பார்த்துவிட்டு, எங்கட வீடு இப்படி இல்லை என்பார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தொடங்குவார்கள். பிழையாகிப்போன அச்சுத் தாள்களின் பின்பக்கத்தில் அவர்கள் சொல்லச் சொல்லக் கீறுவேன். யன்னல் அங்கால, அலுமாரி இங்கால என்று அவர்கள் திருத்துவார்கள். தாளை மடித்துக் கொண்டுபோவார்கள். அப்படிப் போன ஒரு தாள் வெளிநாட்டில் இருந்த ஒரு மகனிடம் போய்ச் சேர்ந்தது. அதைப் பெரிதாக, நிறம் போட்டுத் தர முடியுமா என்று அவர் எழுதிக் கேட்டார். என் தொழில் அங்கேதான் தொடங்கியது.

திட்டம் முடிந்து அலுவலகத்தை மூடியபோது நான் முழுநேரமும் இதில் இறங்கினேன். ஆரம்பத்தில் வாவியையும் தோணியையும் சூரியனையும் வரைந்து இணையத்தில் ஏற்றினேன். அழகு என்று எழுதினார்கள், ஒருவரும் வாங்கவில்லை. பிறகு வீடுகளை மட்டும் ஏற்றினேன். சில விஷயங்களைப் படிப்படியாகக் கற்றேன். தலைப்பில் ஊரின் பெயர் இருக்க வேண்டும், ஏனென்றால் தூர தேசத்தில் இருப்பவர் தன் ஊரின் பெயரைத்தான் தட்டித் தேடுகிறார், நீர்வர்ண ஓவியம் என்று தேடுவதில்லை. வேலை நடக்கும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துப் போட வேண்டும், காசு அனுப்பப்போகிறவருக்கு அதுதான் நம்பிக்கை. முக்கியமாக, தாளின் மேற்பாதியில் வீட்டின் முகத்தோற்றம் நிறத்தில் இருந்தால், கீழ்ப்பாதியில் அதன் கிடைப்படம், மேலிருந்து பார்க்கும் சுவர்க்கோடுகள், அடிக்கணக்கோடு இருக்க வேண்டும். மேலே உள்ளதை ஆரும் வரைவார்கள். கீழே உள்ளதைக் கண்டால்தான் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். குசினி யன்னலை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொல்லி எழுதுகிறார்கள். அப்படி எழுதியவர் வாங்காமல் விட்டதில்லை.

அனுப்புவதற்கு ஏறாவூரில் ஒரு புடவைக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்களை வாங்கி வைத்திருப்பேன். படத்தைச் சுருட்டி உள்ளே விட்டு, தபாலில் போடப் பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போக வேண்டும். சாவடியில் குழாயைக் கண்டால் நிறுத்துவார்கள். ஒருமுறை கிடைப்படப் பக்கம் முதலில் வெளியே வந்துவிட்டது. வடக்குக் குறி, அளவுகோல், அடிகள். மப்பா, நிலப்படமா என்று கேட்டு என்னை ஒரு கதிரையில் இருத்திவிட்டு மேலிடத்துக்கு ஆளனுப்பினார்கள். அதற்குப் பிறகு நிறம் போட்ட பக்கம் முதலில் வரும்படியே சுருட்டினேன்.

வேலை வந்தவுடன் கேள்விகள் அடங்கிய தாளொன்றை அனுப்புவேன். வாசல் எந்தத் திசை. வாசற்படியில் நின்றால் எதிரே என்ன தெரியும். கிணறு எங்கே. மாலை வெயில் எந்தச் சுவரில் விழும். சுவரில் ஆணி எங்கே அடித்திருந்தது. வருகிறவர்கள் எந்தக் கதவால் வருவார்கள், வீட்டுக்காரர் எந்தக் கதவால் போவார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பக்கம் பக்கமாகப் பதில் வரும்.

அந்த இரண்டாவது வீட்டைக் கேட்டவர் ஒரு பெண். போர்க்காலத்தில், சுனாமிக்கு முன்பே, குடும்பத்தோடு வெளிநாடு போனவர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்மேட்டில், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் அவருடைய ஊர். மூத்த மகள் என்பதால் இருந்த வீட்டை அவருக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார், தாய் தகப்பன் ஒதுங்கி அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு கட்டத் தொடங்குவார்கள். இவர்களும் அப்படியே அதே வளவில், கடல் பக்கமாக, இளையவருக்கு ஒன்று கட்டினார்கள். நடுவில் வேலி இல்லை. இரண்டுக்கும் ஒரே கிணறு. சுனாமி இரண்டு வீட்டையும் அள்ளியது. இளையவரோடு இருந்த தாயையும் கொண்டுபோனது.

அக்காவின் பதில்கள் தெளிவாக இருந்தன. படியில் நின்றால் வாவி தெரியும். பொழுது படும் வெயில் விறாந்தையைத் தாண்டிச் சாலைச் சுவர்வரை வரும். விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து. கிணற்றடியில் நிற்கும் அம்மாவிடமிருந்து படியில் நின்றபடியே கைநீட்டிக் குடத்தை வாங்கலாம். தங்கச்சி இப்போதும் அந்த வளவில்தான் இருக்கிறாள், மிச்சத்தை அவளிடம் கேளுங்கள் என்று முடித்திருந்தார்.

போனேன். தங்கை கிணற்றடியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தார். கணவர் வாவியில் வலைக்குப் போயிருந்தார். அக்கா படம் கேட்டிருக்கிறா என்றதும் சிரித்தார்.

"அங்க அவக்கு வெறுஞ்சுவரே இல்லயாம். இத எங்க கொழுவப் போறாவாம்?"

கை கழுவிவிட்டு வந்து தேத்தண்ணி தந்தார். நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். சிரிப்பு நின்றது.

"படத்துக்கு நாடா எதுக்கு மனே?"

என் படங்கள் அப்படித்தான் என்று விளக்கினேன். அவர் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொன்னார். அக்காட வீடு கடல் பக்கம். எங்கட வீடு இந்தப் பக்கம். அக்காட வாசல் கடலுக்கு நேரே. இல்லாமல்போன வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவ்வளவு கெதியாகப் பேசி நான் கண்டதில்லை. கண்ணை மூடுவார்கள், கையால் காற்றில் சுவரைத் தொடுவார்கள், இல்லை இல்லை என்று திருத்துவார்கள். இவர் ஒன்றையும் திருத்தவில்லை.

அவர் இருந்த வீடு நான் வரைந்த வீடு. திட்ட வீடு. அதன் சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கு நாடா இல்லாமலே தெரியும். அதன் விறாந்தைப் படிக்குக் கீழே, மணலுக்குள், சிவப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. செருப்பால் மணலைத் தள்ளிப் பார்த்தேன். மினுக்கிய சிவப்புச் சீமெந்து. அது வீட்டுக்கு அடியில் போனது.

"அது பழைய உடுப்புத் தோய்க்கிற கல்லு," என்றார் தங்கை.

உடுப்புத் தோய்க்கும் கல்லைச் சிவப்புப் போட்டு ஆரும் மினுக்குவதில்லை.  கிணற்றுக் கட்டிலிருந்து அந்த விளிம்புவரை அளந்தேன். ஒருவர் குடத்தைத் தூக்கி நீட்ட, மற்றவர் எட்டி வாங்கும் தூரம்தான் இருந்தது. அவர் கிணற்றடிக்குத் திரும்பிப் போய் இறாலின் முன்னால் குந்தினார். நான் படலையைத் திறந்துகொண்டு போகும்வரை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருடைய பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கிழக்கே கடலைப் பார்த்த வீட்டின் சாலைக்குள் பொழுது படும் வெயில் வராது. அக்கா சொன்னபடியே வரைந்தேன். இன்றைக்கு அந்த இடத்தில் நிற்கும் திட்ட வீட்டைப் புள்ளிக்கோட்டில் மேலே போட்டேன். அது பழக்கம். படத்துக்கு உரியதல்லாத, ஆனால் அந்த இடத்தில் இருக்கிற ஒன்றைப் புள்ளிக்கோட்டில் காட்ட வேண்டும் என்று முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள். பென்சில் கட்டத்தைப் படமெடுத்து வழக்கம்போல இணையப் பக்கத்தில் ஏற்றினேன். ஊர்ப் பெயர், அடிகள், கீழே என் தொலைபேசி எண். அக்கா உடனே கண்டு படத்தின் கீழே, இது என் வீடு, என் அம்மா தந்தது என்று எழுதினார்.

தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதலில் பக்கத்திலிருந்து என் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டேன். மிச்சத்தை விட்டிருந்தேன், ஊர்ப் பெயரையும் அடியையும் எடுத்தால் அது மற்றவர்களின் படத்தைப் போல ஆகிவிடும் என்று நினைத்தேன். அந்தக் கிழமையே ஒரு காலையில் அக்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு கேள்விகள். அவர் எழுதியதற்குக் கீழே ஆரோ ஒருவர் காணியை விற்கிற எண்ணமா என்று கேட்டு ஒரு விலையும் சொல்லியிருக்கிறார், அங்கே காணி உண்மையிலேயே அப்படியா போகிறது என்பது முதலாவது. என் சாலைக்கு மேலே புள்ளி புள்ளியாக ஒரு பெட்டி கீறியிருக்கிறீர்கள், அது என்ன என்பது இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை கணினியில் முகம் பார்த்துக் கதைப்போம் என்று முடித்திருந்தார்.

என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டு இருக்கும்போதே வாசலில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் தங்கை. கையில் மடித்த தாள். ஆரோ படம் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து என் அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். தங்கை அதில் இருக்கவில்லை.

"புள்ள, இது உங்கட வேலதானே?"

தாளை விரித்தார். என் பக்கம், எண்ணை எடுக்கும் முன்பே அச்செடுத்தது. முதல் நாள் இரண்டு பேர் வாகனத்தில் வந்து, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய வளவின் முன்பக்கத்தைக் காலால் அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர் தனியே இருந்திருக்கிறார். ஆர் நீங்கள் என்று கேட்டதற்கு, சொந்தக்காரரோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். போகும்போது தாளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அக்கா விக்கச் சொன்னாவா, நீங்களாப் போட்டீங்களா?"

ஆரும் காணியை விற்கவில்லை, நான் விற்பது படம் என்றேன்.

"படத்துக்கு எதுக்கு அடிக்கணக்கு? படத்துக்கு எதுக்கு ஊர்ப்பேர்? படத்துக்கு எதுக்கு போன் நம்பர்?"

மூன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. மூன்றும் நான் யோசித்துச் செய்தவை. 

"இருந்து கதைங்க கா," என்றார் அம்மா. "நிண்டு கதைச்சா கோபம் கூடும். இருந்தாக் கொஞ்சம் இறங்கும்."

"இறங்கல்லயெண்டா?"

"மறுகா எழும்பி ஏசுங்க."

அவர் இருந்தார். தாளை மடியில் வைத்து, புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னெண்டு அவனுகளுக்கு விளங்கல்ல. எனக்கு விளங்கிச்சி."

பிறகு சொன்னார். சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து உள்ளே ஒரு கோடு போட்டார்கள், அதற்குள் வீடு கட்டக் கூடாது என்று. அவருடைய பாதி முழுக்கக் கோட்டுக்குள். அக்காவின் பாதி வெளியே. வெளிக்கள உத்தியோகத்தர் வந்து கட்டையை அடித்து, இங்கே கட்டுவதென்றால் கட்டலாம், இல்லையென்றால் ஊருக்குள்ளே வேறெங்காவது தருவோம் என்றார். கணவருக்கு வாவியை விட்டால் தொழில் இல்லை. காணி யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்று ஒப்பம் வைத்தார். உறுதியைத்தான் கடல் கொண்டுபோயிருந்ததே. அக்காவோடு தொடர்பே கிடைக்காத நாட்கள் அவை. கிடைத்த பிறகு, வீடு தந்திருக்கிறார்கள், வளவுக்குள்ளேதான் என்று சொன்னார். அது பொய் இல்லை. அதற்குமேல் சொல்லவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டார்.

"கூடப் பிறந்தவட்டச் சொல்ல என்னகா?" என்றார் அம்மா.

"அம்மா அவட கல்யாணத்துக்குக் குடுத்த வீடு. அதுக்கு மேல நான் ஏறிப் படுத்திரிக்கன். அத எப்பிடிகா போன்ல சொல்லுற?" கொஞ்ச நேரம் விட்டு, "அவட புள்ளைகளுக்குத் தமிழே ஒழுங்கா வராது. இந்த மணல வெச்சி அதுகள் என்ன செய்யிற? வித்துப்போடுவாள்," என்றார்.

நான் கணினியைத் திறந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து அழித்தேன். இப்போது அது எங்கேயும் இல்லையா என்று கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, எடுத்து வைத்தவர்களிடம் இருக்கும் என்றேன். அவர் மடியில் கிடந்ததைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதற்காகத்தான் வந்தவர் போல, கேட்டார்.

"ரெண்டு கோடுதானே மனே. அக்காட வீட்ட அங்கால தள்ளிக் கீறிப்போட்டா அவக்கு என்ன தெரியப் போகுது? எத்தினை வருசமாச்சி."

கீறலாம். ஒரு மணித்தியால வேலை. நானே ஒரு நிமிடம் மனதில் தள்ளிப் பார்த்தேன். வீடு கடல் பக்கம் போனது, கிணறு பின்னால் வந்தது, வெயில் சாலையை விட்டு விலகியது. அந்தப் படத்தை அக்கா சுவரில் மாட்டி முதல் நாளே, இது என் வீடில்லை என்பார். அதோடு, ஒருவர் சொன்ன இடத்திலிருந்து வீட்டை நகர்த்தி விற்றவள் என்று ஆனால் நான் எந்த வீட்டையும் விற்க முடியாது. முடியாது என்றேன். அக்கா புள்ளிக்கோட்டைப் பற்றி ஏற்கெனவே கேட்டுவிட்டார் என்பதையும் சொன்னேன். அவர் கேட்ட மற்றக் கேள்வியை, விலையைப் பற்றிய கேள்வியை, சொல்லவில்லை. அது என் வாயால் போக வேண்டிய செய்தி என்று தோன்றவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு அவர் முன்னால் இருப்பது நெருப்பில் இருப்பதைப் போல இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை அக்கா கதைப்பா. நீங்களும் வாங்க," என்றேன்.

"நான் வரமாட்டன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடையில் இரண்டு முறை அந்தப் பக்கம் சைக்கிளில் போனேன். படலை சாத்திக் கிடந்தது. ஒருமுறை வீதியோரத்தில் கறுப்புக் கண்ணாடி வாகனம் ஒன்று நின்றது. அது அவருடைய வளவுக்கு நேரேயா, அடுத்ததற்கா என்று நான் நின்று பார்க்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் அவர் வந்தார். கோயிலுக்குப் போகிற சேலை. கணினிக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டிருந்தேன். அவர் ஒன்றை இழுத்து, கமராவுக்குப் படாத இடத்தில், யன்னலோரம் போட்டுக்கொண்டு இருந்தார். முதலில் நீங்களே கதையுங்கள் என்று கையால் காட்டினார்.

அக்காவின் முகம் திரையில் வந்தது. தங்கையைவிட இளமையாகத் தெரிந்தார். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கதவு நிறத்தைப் பற்றிக் கதைத்தார். பச்சை, ஆனால் கடும் பச்சை இல்லை, பூவரசு இலை கொஞ்சம் பழுக்கும்போது வரும் பச்சை. நான் குறித்துக்கொண்டேன். ஆணி அடித்த இடம் சரியா என்று கேட்டேன். சரி என்றார். படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்தது ஏன் என்று கேட்டார். காணி கேட்டு ஆட்கள் கரைச்சல் தருகிறார்கள் என்றேன். அவர் திரையை விட்டுக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தார்.

"அத விடுங்க. அந்தப் புள்ளிப் பெட்டி என்னெண்டு நீங்க சொல்லல்லயே புள்ள. என்ட சாலைக்கு மேல கிடக்கிறது."

நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்: சுனாமிக்குப் பின் போட்ட கோடு, திட்டத்தின் விதி, உத்தியோகத்தரின் தீர்மானம். அந்த ஒழுங்கில் தங்கை எங்கேயும் வரவில்லை. யன்னல் பக்கம் கதிரை தரையில் உரசியது.

"அது நான்தான் அக்கா."

திரையில் அக்கா ஆடாமல் இருந்தார். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் மணிக்கூட்டின் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. தங்கை கதிரையை இழுத்து என் பக்கத்தில் வந்து இருந்தார். இரண்டு முகமும் இப்போது அந்தச் சின்னச் சதுரத்துக்குள் தெரிந்தன.

"அம்மா தந்த வீட்டுக்கு மேலயா கட்டியிரிக்காய்?"

"ஓம்."

"அத எனக்கிட்டச் சொல்லாம?"

"ஓம்."

தங்கை எனக்கும் அம்மாவுக்கும் சொன்ன கோட்டுக் கதையை, கணவரின் தொழிலை, ஒன்றையும் சொல்லவில்லை. நான் சொல்ல நினைத்தேன். அம்மா பின்னால் நின்று என் தோளைத் தொட்டார்.

"ஒருத்தன் எனக்கு எழுதியிருந்தான்," என்றார் அக்கா. "காணிக்கு விலை சொல்லி."

"தெரியும்."

"நானும் கூடுமா குறையுமா எண்டு கேட்டு எழுதினன்டி."

தங்கையின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.  என்னைத் திரும்பிப் பார்த்தார், உனக்கும் தெரியுமா என்பது போல. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு சொன்னான்?" என்று தங்கை கேட்டார்.

அக்கா சொன்னார்.

"எனக்கிட்ட அதவிடக் கூடச் சொன்னான்."

"என்ன?"

"திரும்பவும் வந்தவன். என்ட ஒப்பம் இரிக்கி எண்டு ஆரோ சொல்லியிரிக்கானுகள். நீங்க ஒப்பம் வெச்சாக் காணும், அக்காவக் கேக்கத் தேவல்ல எண்டான். உனக்குக் குறைச்சி எனக்குக் கூட்டி."

"நீ என்ன சொன்னாய்?"

"நாய அவிட்டுவிட்டன்."

அம்மாதான் முதலில் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். நாய் கடித்ததா என்று கேட்டார். இல்லை, அது ஒரு மானங்கெட்ட நாய், வாலை ஆட்டிக்கொண்டு வாகனத்தைச் சுற்றி வந்தது என்றார் தங்கை. அப்போதும் அக்கா சிரிக்கவில்லை.

"வாங்குவானுகள் எண்டு நினைச்சி நான் கேக்கல்ல," என்றார். "என்ன விலைக்குப் போகுமெண்டு தெரிஞ்சா, போனது எவ்வளவு எண்டு தெரியுமெண்டு நினைச்சன். வேற என்னத்துக்கெண்டு எனக்கும் தெரியல்ல."

அது முழு உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தங்கையும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். மேசை விளிம்பை விடவில்லை.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார், அந்தப் பெட்டியை ஏன் புள்ளியாகக் கீறினீர்கள் என்று. எங்கள் முறை அது என்றேன். படத்துக்கு உரியதை முழுக்கோட்டில் போடுவோம். உரியதல்லாததைப் புள்ளிக்கோட்டில் காட்டுவோம்.

"அவட வீடு உரியதில்லயா?"

"நீங்க கேட்டது உங்கட வீட்டத்தானே அக்கா."

"முழுக்கோட்டில கீறுங்க அத."

இரண்டையும் முழுக்கோட்டில் கீறினால் ஒன்றின் சுவருக்குள் மற்றதன் அறை வரும், கோடுகள் வெட்டிக்கொள்ளும், எது எதுவென்று ஒருவருக்கும் விளங்காது என்றேன். ஏதோ ஒன்று புள்ளியில் இருந்தால்தான் படத்தை வாசிக்கலாம். அது தொழில் விஷயம், அதைத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், இரண்டில் எது விலகுவது என்று அவர்களிடமே கேட்டுவிட்டேன் என்று விளங்கியது.

 தங்கை திரையைப் பார்க்காமல் தன் மடியைப் பார்த்தார். வெளியே ஐஸ்பழக்காரனின் மணி வந்து, எங்கள் வாசலைத் தாண்டிப் போனது.

"அப்ப என்டதப் புள்ளியாக் கீறுங்க," என்றார் அக்கா.

தங்கை நிமிர்ந்தார். என்னிடம் கேட்டார்.

"கிணறு?"

"கிணறு முழுக்கோடு," என்றேன். "அது அப்படியே இருக்கிறதுதானே."

உறுதி எழுதுகிற விஷயத்தைத் தான் ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்றார் அக்கா. அதுவரைக்கும் நடுவில் வேலி கீலி போட்டுவிடாதே என்றார். இனி ஆருக்குகா வேலி என்றார் தங்கை. வந்தால் எங்கே படுக்கிறது என்று அக்கா கேட்டார். உன்ட சாலையிலதான், அதுக்கு மேல எங்கட முன்னறை இரிக்கி என்றார் தங்கை. அதற்குத்தான் அக்கா சிரித்தார்.

படத்தை முடிக்க அந்த மாதம் முழுக்க எடுத்தது. மேற்பாதியில் பழைய வீடு அக்கா கேட்ட பச்சைக் கதவோடும் சிவப்பு விறாந்தையோடும் பொழுது படும் வெயிலோடும் நின்றது. கீழ்ப்பாதியில் திட்ட வீட்டை மையில் ஒரே ஓட்டமாகப் போட்டேன். கை அதை நன்றாக அறிந்திருந்தது. பழைய வீட்டைப் போடத்தான் நாளெடுத்தது. ஒவ்வொரு சிறு கோட்டுக்கும் பேனையைத் தூக்கி, மை காயப் பார்த்து, திரும்ப வைக்க வேண்டும். சிவப்பு விளிம்பு போன இடத்தை நான் கண்ணால் கண்டிருந்தேன், அதனால் அந்த இடத்தில் மட்டும் கை தயங்கவில்லை. அடிக்கணக்கை வாங்கியவருக்குப் போகும் தாளில் மட்டும் எழுதினேன். பக்கத்தில் ஏற்றவில்லை. அதற்குப் பிறகு எந்த வளவின் அளவையும் நான் ஏற்றவில்லை. வேலை கொஞ்சம் குறைந்தது. கேள்வித் தாளில், வாசல் எந்தத் திசை என்பதற்கு முன்னால், இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை வைத்தேன்.

பாலத்தடியில் குழாயைக் கண்டு நிறுத்தினார்கள். இளம் சிப்பாய். தாளை உருவி, சுவரில் சாய்த்துப் பிடித்து, மேல்பாதியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கீழே குனிந்தார். முழுக்கோட்டைத் தொட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், இது வீடு என்றார். புள்ளிக்கோட்டைத் தொட்டு, இது என்ன என்றார்.

"அதுவும் வீடு," என்றேன்.

இரண்டையும் திரும்ப ஒருமுறை பார்த்தார். பின்னால் பஸ் ஒலி எழுப்பியது. தாளைச் சுருட்டித் தந்தார், மறுபக்கமாக. சாவடியைத் தாண்டிப் பாலத்தின் ஓரத்தில் சைக்கிளை நிறுத்தி, காற்றில் பறக்காமல் முழங்கையால் அமர்த்திக்கொண்டு, நிறம் போட்ட பக்கம் சரியாக வரும்படி மீண்டும் சுருட்டினேன்.